வாழையில் வாளை: நம் கடற்கரைக் கடைகளுக்குச் சிரிப்பு விளம்பரம் எழுதுவது எப்படி

முதல் வேலையாக, பாம்பன் பாலத்தின் படத்தை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். லாட்ஜுக்கும் அதே பாலம், அல்வாவுக்கும் அதே பாலம், சிமென்ட்டுக்கும் அதே பாலம். 1914இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2025 ஏப்ரலில் தூக்குப்பாலம் வந்த பிறகு, ‘உங்கள் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்துவோம்’ என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி எந்தக் கடைக்கும் சொந்தமில்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிற அந்தப் பாலம், செயின் பிளாக்கும் ஜாக்கியும் வாடகைக்கு விடுகிறவருக்குத்தான் பொருந்தும். ‘பாம்பனில் ரயில்வே தூக்குகிறது. மிச்சம் எல்லாம் நாங்கள்’ என்று அவர் எழுதினால் சிரிப்பு வரும். ஏனென்றால் அவர் நிஜமாகவே தூக்குகிறார்.

சிரிப்பு விளம்பரத்தில் பிடிபட வேண்டிய சூட்சுமம் இதுதான். சிரிப்பு சரக்குக்குள்ளிருந்து வரவேண்டும். வெளியிலிருந்து ஒட்டவைத்தால் ஜனங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எந்தக் கடை என்று கேட்டால் முழிப்பார்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. எழுதிய வரியில் கடையின் பெயரை விரலால் மூடுங்கள். அந்த இடத்தில் வேறொரு கடையின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் வரி நன்றாக இருந்தால் கிழித்துப் போட்டுவிடலாம்.

ஃபெவிக்விக் பசைக்கு வந்த மீன்பிடி விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். நாகரிகமான தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் மாட்டாது. பக்கத்தில் வருகிற கிராமத்து ஆள் ஒரு குச்சியில் நாலு சொட்டுப் பசையை வைத்துத் தண்ணீரில் விடுவார். மீன்கள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தலைமுறை தலைமுறையாக மீன் பிடிக்கிற ஊரிலும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அது நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பசை ஒட்டும் என்பது உண்மை. மிகைப்படுத்துவதற்கு அடியில் ஒரு சின்ன உண்மை கல் மாதிரி கிடக்கிறது.

அந்தக் கல்லை எடுக்கக் கடையில் இரண்டு நாள் உட்கார வேண்டும். முதலாளியிடம் கேட்டால் ‘தரம், நம்பிக்கை, பாரம்பரியம்’ என்பார். மூன்றும் எல்லாக் கடைக்கும் பொது. வாங்க வருகிறவர் வாயைத்தான் கவனிக்க வேண்டும். குறிப்பேட்டில் குறைந்தது 50 வாக்கியம், அவர்கள் சொன்ன மாதிரியே, திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். ‘பஸ்ல கொண்டுபோனா நாறுமாண்ணே?’ ‘லாத்தா, போன தடவை குடுத்த மாசி கல்லாட்டம் இருந்துச்சு.’ ‘எடை போடும்போது தராசுல இருந்து கையை எடுங்க தம்பி.’ இவற்றைப் பயம், பழக்கம், பெருமை என்று பிரித்துப் பாருங்கள். நல்ல சிரிப்பு பெரும்பாலும் பயம் என்ற பிரிவிலிருந்துதான் வரும். வாங்குகிறவர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறதை விளம்பரமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவருக்கு மனசு லேசாகும்.

அதற்குப் பிறகு, சிரிப்பே இல்லாமல் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘எங்கள் கருவாட்டுப் பொட்டலத்திலிருந்து வாடை வெளியே வராது.’ இவ்வளவுதான். இந்த வாக்கியம் உண்மையா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. கருவாட்டுக் கடையில் இந்தச் சோதனைக்கு ஒரு நாள் போதும். காற்றுறிஞ்சி ஒட்டிய மூன்று பொட்டலங்களை எடுத்து, ஒன்றை வெயிலில் நிற்கிற வண்டிக்குள்ளும், ஒன்றைத் துணிகளோடு மூடிய பைக்குள்ளும், ஒன்றை ஃபிரிட்ஜிலும் 24 மணி நேரம் வையுங்கள். பையில் வைத்த துணியைக் கருவாடே சாப்பிடாத ஒருவரிடம் மோந்து பார்க்கச் சொல்லுங்கள். வாடை வந்தால் குறை எங்கே என்றும் பார்க்க வேண்டும். நெத்திலியின் தலையும் வாளையின் முள்ளும் பிளாஸ்டிக்கில் ஊசிமுனை ஓட்டை போடும். ஒட்டுகிற இடத்தில் உப்புத்தூள் சிக்கினால் ஒட்டு முழுசாகப் பிடிக்காது. உறையின் வாயைத் துடைத்துவிட்டு ஒட்டுவதும், முள் மீனுக்குத் தடித்த உறை போடுவதும் விளம்பரக்காரரின் வேலையில்லை என்று தோன்றும். அவர் வேலையும்தான். ‘கண்டக்டருக்குக்கூடத் தெரியாது’ என்று நாம் எழுதி, பரமக்குடி தாண்டுவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டால், அந்தச் சிரிப்பு கடையைப் பார்த்துச் சிரிப்பதாக மாறிவிடும்.

சோதனை தேறிவிட்டால் எழுத உட்காரலாம். ஒரே மூச்சில் 40 வரி எழுதுங்கள். முதல் பத்து எல்லோருக்கும் தோன்றுகிற பத்துதான். அவற்றை எழுதித் தீர்த்தால்தான் அடுத்தது வரும். கருவாட்டுக்கே இரண்டு பக்கம் உண்டு. பயணத்தில் வாடை வரக் கூடாது. அடுப்பில் ஏறினால் வராமல் இருக்கக் கூடாது. அதனால் உறையின் முன்பக்கம் ‘கண்டக்டருக்குக்கூடத் தெரியாது’, பின்பக்கம் ‘குழம்பு கொதிக்கும்போது ஜன்னலைச் சாத்தவும். சாப்பாட்டுக்கு ஆள் கூடினால் நாங்கள் பொறுப்பல்ல.’ ஒரே சரக்கின் இரண்டு உண்மை, இரண்டும் ஒரே பொட்டலத்தில். மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு வாங்கிப் போகிறவர் முன்பக்கத்தைப் படித்து வாங்குவார். பின்பக்கத்தைச் சொந்தக்காரர் படிப்பார்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டை, குட்டை, தடித்த தோல். நீள மிளகாயோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரி தானாக வரும்: ‘நீட்டி முழக்காது. சுருக்கமாகச் சொல்லும்.’ தமிழில் ஏற்கெனவே இருக்கிற மரபுத்தொடர் சரக்கின் உருவத்தோடு பொருந்திவிட்டால் அதைவிட மலிவான, வலுவான விளம்பரம் கிடையாது. ஒன்றைக் கவனியுங்கள்: இதில் காரத்தைப் பற்றி எந்த உறுதியும் இல்லை. காரம் விளைச்சலுக்கு விளைச்சல் மாறும், உருவம் மாறாது. மாறாததன் மேல் சிரிப்பைக் கட்ட வேண்டும். அதோடு, வேறு ஊர் மிளகாயைக் கலந்து அரைத்த தூளுக்கு ராமநாதபுரம் முண்டு என்று பெயர் போட்டால் அது சட்டப்படி குற்றம். கலப்புத்தூள் என்றால் கலப்புத்தூள் என்றே போட்டு, அதற்கு வேறு சிரிப்பைத் தேடலாம்.

எவ்வளவு நல்ல சிலேடையானாலும் உண்மைச் சோதனையில் தோற்றால் விட்டுவிட வேண்டும் என்பதற்குக் கருப்பட்டி நல்ல உதாரணம். ‘சீனி கலந்தால் சாயம் வெளுத்துவிடும்’ என்ற வரி யாருக்கும் நாக்கில் இனிக்கும். ஆனால் கருப்பட்டியின் நிறம் பதநீரையும் காய்ச்சுகிற பதத்தையும் பொறுத்தும் மாறும். நிறத்தை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. இந்த வரியைப் படித்துவிட்டு ஒருவர் நம் கடைக் கருப்பட்டியிலேயே வெளிறிய ஒன்றைப் பார்த்தால் நம்மையே சந்தேகப்படுவார். சாயல்குடிப் பக்கம் ஓலைப்பெட்டியில் வைத்து விற்கிறவருக்கு அந்தப் பெட்டியே போதுமான பேச்சைக் கொடுக்கும்.

கீழக்கரைத் தொதலுக்கு வேறு கதை. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் அடிபிடிக்காமல் மணிக்கணக்கில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிண்டுவது என்றாலும் கிண்டல்தான், கேலி என்றாலும் கிண்டல்தான். ‘இந்தத் தொதலில் நாலு மணி நேரக் கிண்டல் இருக்கிறது.’ ஆனால் நாலு மணி நேரம்தானா என்று கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் போட வேண்டும். மூன்றேகால் மணி நேரம் ஆகிறதென்றால் ‘மூன்றேகால்’ என்றே போடுங்கள். உருட்டிச் சொல்கிற எண்ணைவிட உதிரியான எண் நம்பும்படியாகவும் இருக்கும், சிரிப்பும் கூடும். மாசிக்கருவாடு விற்கிறவருக்கு ‘பன்னிரண்டு மாசமும் மாசி’ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வருஷம் முழுக்க இருப்பு வைக்கிற கடைக்கு மட்டும்.

இங்கே காது, கண் என்ற பிரச்சினை வருகிறது. பேச்சில் பலருக்கும் ழ, ள ஆகிவிடும். சாப்பாட்டுக்கடையில் ‘வாழை இலையில் வாளை மீன்’ என்பதைப் பேசினால் இரண்டும் ஒரே ஓசை. வானொலியில், ஆட்டோ மைக்கில் இது சிரிப்பு. சுவரில் எழுதினால் எழுத்து வேறு வேறாகிவிடும், சிலேடை செத்துப்போகும். சுவருக்கு அதையே இப்படி மாற்றலாம்: ‘வாழையில் வாளை. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், மெதுவாகச் சாப்பிடுங்கள்.’ பார்வையில் இருக்கும் வித்தியாசத்தையே விளையாட்டாக்கிவிடுகிறோம். பேச்சாளை மீனுக்கு நேர் எதிர். ‘இன்று பேச்சாளை உண்டு, பேச்சு இல்லை’ என்று கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிவைத்தால் படிப்பவர் பேச்சாளரை நினைத்துக்கொண்டு சிரிப்பார். அதையே மைக்கில் சொன்னால் பாதிப் பேருக்கு என்னவென்றே புரியாது. எழுதிய வரியைக் கண்ணை மூடி ஒருவர் படிக்கக் கேளுங்கள். பிறகு வாயைத் திறக்காமல் நீங்களே படியுங்கள். எதில் சிரிப்பு வருகிறதோ அந்த ஊடகத்துக்கு அது.

ஆட்டோ மைக்குக்குக் கணக்கு உண்டு. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஆட்டோ நொடிக்கு நாலு மீட்டருக்குச் சற்று மேல் நகரும். வீட்டுக்கு முன்னும் பின்னும் 30 மீட்டர் வரை பேச்சு புரியும் என்று வைத்துக்கொண்டால், திண்ணையில் இருப்பவருக்குக் கிடைப்பது சுமார் 14 நொடி. அதிலும் தொடக்கமும் முடிவும் தேய்ந்துதான் கேட்கும். ஆகவே முழுச்செய்தியும் ஆறு, ஏழு நொடிக்குள், அதாவது 12 முதல் 14 சொல்லுக்குள் முடிந்து, இரண்டு நொடி இடைவெளி விட்டுத் திரும்ப வரவேண்டும். ‘அன்பார்ந்த பொதுமக்களே’ என்று தொடங்கினால் அந்தத் தெருவே தாண்டிவிடும். குழல் ஒலிபெருக்கி அடித்தொண்டைக் குரலை விழுங்கிவிடும். கனத்த ஆண் குரல் வேண்டாம். கொஞ்சம் மேல் ஸ்தாயிக் குரல், சொல்லுக்குச் சொல் பிரித்து.

வானொலிக்கு 30 நொடி என்றால் 50 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். ஒலிக்கும் மௌனத்துக்கும் இடம் வேண்டும். பாம்பனிலிருந்து 90.4இல் கடல் ஓசை சமுதாய வானொலி மீனவர்களுக்கென்றே ஒலிக்கிறது. அங்கே கேட்கிறவர் எல்லோரும் ஏலக்கூடத்தில் காது பழகியவர்கள். கயிறும் வலையும் விற்கிற கடைக்கு ஒரு மாதிரி:

(ஏலக்காரர் குரலில்) ‘ஒரு தரம்… ரெண்டு தரம்…’

‘அண்ணே, என்ன மீனுண்ணே ஏலம்?’

‘மீன் இல்ல தம்பி, கயிறு.’

‘கயிறையா ஏலம் விடுறீங்க?’

‘ஏலம் இல்லப்பா. வேற எங்கயோ வாங்குன கயிறு. ஒரு தரம் இழுத்தேன். ரெண்டு தரம் இழுத்தேன்.’

‘மூணாந்தரம்?’

(படார். தண்ணீரில் விழும் ஓசை.)

‘கரையேறி வாங்கண்ணே. நம்ம கடையில ஒரே தரம்.’

ஏலத்தின் தரம், தடவை என்ற தரம், சரக்கின் தரம் மூன்றும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. ஒலிப்பதிவில் கெடக்கூடிய இடம் ‘மூணாந்தரம்?’ என்பதற்குப் பிறகுதான். அங்கே முழுசாக ஒரு நொடி மௌனம் வேண்டும். நேரத்தைச் சுருக்க அதை வெட்டினால் சிரிப்பே போய்விடும். கயிற்றை நிஜமாகவே அறுத்துப் பதிவு செய்ய வேண்டியதில்லை. காய்ந்த பனைமட்டையை மைக் அருகே ஒடித்தால் சரியாக இருக்கும். விழுகிற ஓசைக்குத் தொட்டித் தண்ணீரில் ஈரச் சாக்கைப் போடலாம். ‘வேற எங்கயோ’ என்பதற்குப் பதில் எதிர்க்கடையை அடையாளம் காட்டுகிற எதையும் சொல்லக் கூடாது. போட்டியாளரை மட்டம் தட்டுவதை இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை. அதோடு, நாளைக்கு அவரும் நம்மிடம் விளம்பரம் எழுத வரலாம். சினிமாப் பாட்டின் மெட்டை அனுமதியில்லாமல் எடுத்து வரி மாற்றிப் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அது உரிமை மீறல்.

சுவருக்கு வருவோம். எழுத்து உயரம் ஒரு அங்குலத்துக்கு 10 அடி தூரம் என்பது பலகைக்காரர்களின் பொதுக் கணக்கு. 100 அடியிலிருந்து நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் 10 அங்குலம். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கிறார். 60 மீட்டரிலிருந்து படிக்கத் தொடங்கினாலும் நாலு நொடிகூட இல்லை. ஐந்து சொல். ஆறாவது சொல் கடைப்பெயர். தமிழில் ண, ஞ, ழ போன்ற சுழி எழுத்துகளைத் தடித்த கோட்டில் எழுதினால் உள்வளையம் அடைத்துக்கொள்ளும். கோட்டின் தடிமன் உயரத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓவியர் புள்ளியை விட்டுவிட்டால் சொல்லே மாறிவிடும். சிரிப்பு வரி என்றால் எழுதி முடித்த அன்றே நேரில் போய், சாலையின் எதிர்ப்புறம் நின்று, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

கடலோரச் சுவரில் பெயின்ட் உரிவதற்குக் காரணம் பெயின்ட்டைவிட அடியில் இருக்கும் உப்புதான். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, பிரைமர் அடித்து, அதன் மேல் வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு பூச்சு. கழுவாமல் அடித்தால் ஒரு மழைக்காலத்தில் செதில் செதிலாக வந்துவிடும். கச்சான் காற்று நேராக மோதுகிற தென்மேற்குச் சுவர்களில் பாம்பன் தீவில் மணலும் சேர்ந்து அடிக்கும். தரையிலிருந்து மூன்றடிக்குக் கீழே எழுத்து வேண்டாம். ஃபிளெக்ஸ் பேனர் அந்தக் காற்றுக்குத் தாங்காது. கிழிந்து ரோட்டில் விழுந்தால் ஆள் உயிருக்கே ஆபத்து. சட்டப்படி அனுமதியும் வேண்டும். சுவரே நல்லது. சுவர் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாலையோரத்தில் தொடர்விளம்பரம் போடுவது நல்ல விளையாட்டு. அமெரிக்காவில் பர்மா ஷேவ் என்ற சவரக் களிம்புக்கு 1925 முதல் சின்னச் சின்னப் பலகைகளை வரிசையாக நட்டு, ஒரு வேடிக்கைப் பாட்டைத் துண்டு துண்டாகப் படிக்கவைத்தார்கள். நம் ஊரிலும் ஒரு சுவரில் கேள்வி, நூறு மீட்டர் தள்ளி அடுத்த சுவரில் பதில் என்று விடுகதை போடலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் இடையில் ஒன்பது நொடி கிடைக்கும், யோசிக்கப் போதும். ஆனால் எதிர்த்திசையில் வருகிறவர் பதிலைத்தான் முதலில் படிப்பார். ஆகவே இரண்டையும் புரட்டிப் படித்தாலும் பொருள் வரும்படி எழுத வேண்டும், அல்லது ஒரு திசையில் வருகிறவருக்கு மட்டும் முகம் காட்டும் பக்கச்சுவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ராமேசுவரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி ஒரு ராத்திரி தங்கிப் போகிறவர்கள். அவர்களுக்கு நம் வட்டாரச் சிலேடை எடுபடாது. தெலுங்கும் இந்தியும் பேசுகிறவர்களுக்குத் தமிழ்ச் சிலேடையே எடுபடாது. அங்கே படம் பேச வேண்டும். 22 தீர்த்தத்திலும் நனைந்தவர் ஈரத்துணியோடு சன்னதிக்குள் போக முடியாது; துணி மாற்றியாக வேண்டும். மொட்டை மாடியில் கொடியும் கிளிப்பும் போட்டுக் கொடுக்கிற விடுதிக்கு: சொட்டச் சொட்ட ஒரு வேட்டி, கொடியில் சூரியனைக் கிளிப் போட்டு மாட்டிய படம், கீழே ‘நனைவது உங்கள் வேலை. காயவைப்பது எங்கள் வேலை.’ இதில் கேலி ஈரத்துணியின் மேல்தான் இருக்கிறது, தீர்த்தத்தின் மேல் இல்லை. அந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது. கோயிலும் தர்காவும் மாதா கோயிலும் அடுத்தடுத்து இருக்கிற கரை இது. ஏர்வாடியிலும் தங்கச்சிமடத்திலும் ராமேசுவரத்திலும் ஒரே வரியைச் சொன்னால் மூன்று இடத்திலும் சிரிக்கிறார்களா என்று பாருங்கள். ஓரிடத்தில் முகம் சுளித்தாலும் அந்த வரி வேண்டாம்.

தொடக்கூடாதவை இன்னும் உண்டு. 1964 டிசம்பர் புயல், தனுஷ்கோடியின் இடிபாடு, எல்லையில் பிடிபட்டுச் சிறையில் இருக்கும் மீனவர்கள். வரி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் கேட்கிறவர் வீட்டில் அது அழுகை. மீன்பிடித் தடைக்காலத்திலும் கவனம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். எஞ்சின் பட்டறைக்கும் படகுப் பெயின்ட் கடைக்கும் அதுதான் வியாபார காலம். ‘உங்கள் படகு கரையில் நின்றால்தான் எங்களுக்குப் பாடு’ என்று எழுதலாம். மீன்பாட்டையும் பிழைப்பையும் சேர்த்துச் சொல்கிற பாடு என்ற சொல் அழகாக விழுகிறது, உண்மையும்கூட. ஆனால் வருமானம் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்து நம் லாபத்தைச் சொல்லிக் காட்டுகிறது. அதை விட்டுவிட்டு ‘61 நாள் ஓய்வு. 62ஆம் நாள் எங்கள் வேலை பேசும்’ என்று போனால் சிரிப்பு குறைவு, மரியாதை உண்டு. ஐஸ் கம்பெனிக்கோ அதே காலம் நட்டம். படகுக்காரரோடு சேர்ந்து கஷ்டப்பட்டவர் என்பதால் அவருக்கு உரிமை இருக்கிறது. தடை முடிகிற கடைசி வாரத்தில் ஏலக்கூடத்துப் பக்கம்: ‘61 நாளா உங்களை நினைச்சே உருகிட்டோம். வாங்க, உறைஞ்சு காத்திருக்கோம்.’ இந்த வரியை ஜூலையில் போட்டால் ஒன்றுமில்லை. சிரிப்புக்குத் தேதி உண்டு.

வீடியோ எடுக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். கடற்கரையில் வசனம் பதிவு செய்யாதீர்கள். காற்று மைக்கைத் தின்றுவிடும். மைக்குக்கு ரோமஉறை போட்டாலும் கச்சானில் பாதிதான் அடங்கும். ஜன்னல் சாத்திய காருக்குள் உட்கார்ந்து வசனத்தைத் தனியாகப் பதிவு செய்து சேர்ப்பது மேல். காலை எட்டு மணிக்கு மேல் மணல் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் முகம் கருத்துத் தெரியும். லென்ஸில் படியும் உப்புப் படலத்தை அரைமணிக்கு ஒரு தடவை துடைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம், வசனத்தை எழுத்தாகவும் போடுங்கள். அழகுக்காகப் பவளத்துண்டு, கடல் அட்டை, கடல்குதிரை எதையும் மேசையில் வைக்க வேண்டாம்; மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, விளம்பரமே சாட்சியாகிவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் படப்பிடிப்பு கிடையாது. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருப்பதால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் டிரோனை எடுக்கவே எடுக்காதீர்கள்.

சட்டத்தில் முக்கியமானது ஒன்று: யாரும் நம்பமாட்டாத மிகை அனுமதி, நம்பக்கூடிய பொய் குற்றம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. ‘இந்தக் கருப்பட்டி சாப்பிட்டால் கடலையே தாண்டலாம்’ என்பது மிகை. ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்பது குற்றம், சிரித்துக்கொண்டே சொன்னாலும். ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. பள்ளி, ஆஸ்பத்திரிக்கு 100 மீட்டருக்குள் எப்போதுமே கூடாது. பாங்கு நேரத்திலும் பூசை நேரத்திலும் ஆட்டோவை நிறுத்திவைக்கச் சொல்லிவிடுங்கள். அதற்குச் சட்டம் தேவையில்லை.

கடைக்காரரிடம் மூன்று யோசனைக்கு மேல் காட்டாதீர்கள். பத்து காட்டினால் பத்திலிருந்தும் ஒவ்வொரு சொல் எடுத்து ஒட்டச் சொல்வார். தன் படம், அப்பா படம், இரண்டு போன் எண் எல்லாம் போட வேண்டும் என்பார். அவர் ஆசையில் தப்பில்லை. பில் புத்தகத்திலும் காலண்டரிலும் அவற்றுக்கு நல்ல இடம் கொடுத்துவிட்டால் சுவரை விட்டுக்கொடுப்பார். அவர் சிரிக்கிறாரா என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வாங்குகிற வகையைச் சேர்ந்த ஐந்து பேரிடம் வரியை ஒருமுறை சொல்லுங்கள், நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். மறுநாள் போய், ‘நேத்து சொன்னேனே, அது என்ன?’ என்று கேளுங்கள். மூன்று பேராவது கடைப்பெயரோடு திருப்பிச் சொல்ல வேண்டும். சிரிப்பை மட்டும் சொல்லிக் கடையை மறந்திருந்தால், பெயரைச் சிரிப்பு வெடிக்கிற சொல்லுக்குப் பக்கத்தில் நகர்த்தி எழுதிப் பாருங்கள்.

சிரிப்பு சீக்கிரம் பழசாகும். ஆட்டோவில் ஒரு வரி நாலு நாள், வானொலியில் பத்து பன்னிரண்டு நாள், அதற்குமேல் எரிச்சல்தான். உருவத்தை மாற்றாமல் உள்ளடக்கத்தை மாற்றுங்கள். 1966 முதல் அமுல் விளம்பரச் சிறுமி அதே புள்ளிச்சட்டையில்தான் இருக்கிறாள், பேச்சு மட்டும் அன்றன்றைக்குப் புதிது. ஏலக்காரர் குரல் ஒன்று நிலைத்துவிட்டால் அவரை வைத்து இரண்டு வருஷம் ஓட்டலாம்.

பலன் தெரிய, ஒவ்வொரு ஊடகத்துக்கும் ஒரு சொல்லை விட்டுவையுங்கள். மிளகாய்க் கடையில் சுவரைப் பார்த்தவர் ‘நீட்டாதீங்க’ என்று சொன்னால் 50 கிராம் கூடுதல்; மைக் கேட்டவர் ‘முழக்காதீங்க’ என்றால் அதே 50 கிராம். கல்லாவில் ஒரு நோட்டு, ஊடகத்துக்கு ஒரு பத்தி, ஆளுக்கு ஒரு கோடு. கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். வாங்க வந்த பெரியவர் ‘நீட்டாதீங்க தம்பி’ என்று சொல்லி, தம்பி ‘என்னது?’ என்று முழித்தால், அவர் வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவார். இரண்டு வாரம் கழித்துக் கோடுகளை எண்ணுங்கள். கோடு குறைந்த இடத்தில் வரியை மாற்றிப் பாருங்கள், அப்போதும் ஏறாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எதனால் ஏறியது என்று நோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.